கடல் கடக்கும் விமானம்

தரையில் ஓடும் வண்டி பழுதுற்றால் அதனை வழியோரத்தில் நிறுத்திச் சீர்செய்துகொள்ளலாம். கப்பலின் இயந்திரம் நின்றுபோனாலும் கப்பல் நீரில் மிதந்துகொண்டிருக்கும். உதவி வரும்வரை காத்திருக்கலாம். ஆகாயத்தில் செல்லும் விமானத்திற்கு இவ்விரு வாய்ப்பும் இல்லை. நிலத்தின்மேல் பறக்கும்போதாவது அணித்தே ஒரு விமானத் தளம் இருக்கக்கூடும். நடுக்கடலில் அதுவும் இராது. ஆதலின், பெருங்கடலைக் கடக்கும் விமானத்திற்கு எத்தனை எஞ்சின்கள் வேண்டும் என்னும் வினா தொடக்கத்தில் உயிரைப் பற்றிய வினாவாகவே எழுந்தது. நாளடைவில் அது பொருளைப் பற்றிய வினாவாகவும் ஆயிற்று. எஞ்சின் ஒவ்வொன்றும் எரிபொருளை உண்பது. அதனைப் பேண ஆளும் பணமும் வேண்டும். இவ்வினாவைக் குறித்துப் பொறியியல் வல்லுநரும் வணிகரும் அரசாங்க அலுவலரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடினர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மாகடல்களைக் கடந்து சென்ற பெரிய விமானங்கள் பிஸ்டன் எஞ்சின்களால் இயங்கின. மோட்டார் வண்டியில் உள்ளதைப் போலவே, சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளும். ஆயின் வண்டிக்கு நான்கு அல்லது ஆறு சிலிண்டர்கள் போதும். போயிங் நிறுவனத்தார் செய்த ஸ்ட்ராட்டோகுரூஸர் என்னும் விமானத்தில் ஓர் எஞ்சினுக்கே 28 சிலிண்டர்கள் இருந்தன. எஞ்சின்கள் நான்கு, ஆகவே சிலிண்டர்கள் 112, சிலிண்டருக்கு இரண்டு வீதம் ஸ்பார்க் பிளக்குகள் 224. இத்தனை உறுப்புகளும் கடும் வெப்பத்திலும் அதிர்விலும் மணிக்கணக்காக உழைக்கும்போது, அவற்றுள் ஏதேனும் ஒன்று இடறுவது வியப்பன்று. நான்கு எஞ்சின்களோடு புறப்பட்ட விமானம் மூன்றோடு வந்து சேர்வது அக்காலத்தில் அரிய செய்தியும் அன்று.

1956ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் இரவு, பான் அமெரிக்கன் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ட்ராட்டோகுரூஸர் ஒன்று ஹானலூலுவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவை நோக்கிப் பசிபிக் மாகடலின்மேல் புறப்பட்டது. பயணிகள் 24 பேர். பணியாளர் 7 பேர். தலைமை விமானியின் பெயர் ரிச்சர்டு ஆக். பாதி வழி கடந்த பின்னர், நள்ளிரவு தாண்டிய வேளையில், முதலாம் எஞ்சினின் சுழல்விசிறி கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கிற்று. அத்தகைய வேளையில் விசிறியின் அலகுகளைக் காற்றின் போக்கிற்கு இசையத் திருப்பி நிறுத்திவிடுவது வழக்கம். அன்று அலகுகள் திரும்பவில்லை. விசிறி ஒரு முட்டுக்கட்டையைப் போல் விமானத்தைப் பின்னுக்கு இழுத்தது. சற்று நேரத்தில் நான்காம் எஞ்சினும் வலுவிழந்து நின்றது. எஞ்சியிருந்த இரண்டைக் கொண்டு எந்தக் கரையையும் எட்ட இயலாது என்பது கணக்கிட்ட அளவில் தெளிவாயிற்று.

அக்காலத்தில் அமெரிக்கக் கடற்காவற்படையின் கப்பல் ஒன்று அவ்வழியின் நடுவே எந்நாளும் நின்று காவல் புரியும். அன்று நின்ற கப்பல் பான்சர்ட்ரெய்ன் என்பது. இருளில் கடலில் இறங்குவது பேராபத்து என்று உணர்ந்த தலைமை விமானி, அக்கப்பலின்மேல் வட்டமிட்டவாறே பொழுது புலரும்வரை காத்திருந்தார். அதனால் எரிபொருளும் குறைந்து விமானத்தின் எடையும் குறைந்தது. நீரில் மோதும்போது வால்பகுதி முறியக்கூடும் என்று எண்ணி, அங்கிருந்த பயணிகளை முன்னே வந்து அமரச் செய்தார். கப்பலில் இருந்தோர் கடற்பரப்பில் நுரையைப் பரப்பி இறங்கும் வழியைக் குறித்துக் காட்டினர். காலை ஆறேகால் மணி அளவில் விமானம் நீரில் இறங்கிற்று. அவர் எண்ணியவாறே வால் முறிந்தது. சிறிது நேரத்தில் விமானம் மூழ்கிவிட்டது. ஆயினும் 31 பேரும் உயிரோடு படகுகளில் ஏற்றப்பட்டனர்.

நான்கு எஞ்சின் விமானத்திற்கே இந்நிலை என்றால், இரண்டே எஞ்சின்கள் உள்ளதைக் கடலுக்கு அப்பால் அனுப்ப யார் துணிவர்? 1953ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசாங்கம் விதி ஒன்றை வகுத்திருந்தது. இரண்டு எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் மற்றொன்றைக் கொண்டு 60 நிமிடங்களுக்குள் ஏதேனும் ஒரு விமானத் தளத்தை அடையத்தக்க வழியிலேயே செல்ல வேண்டும் என்பது அவ்விதி. அக்கால எஞ்சின்களை நோக்க, அது நேர்மையான விதியே. அதனால் மாகடல்கள் நான்கு எஞ்சின் விமானங்களின் உரிமையாயின.

அதன்பின் ஜெட் எஞ்சின் வந்தது. முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன்கள் அதில் இல்லை. காற்று முன்புறம் நுழைந்து அழுத்தப்படுகிறது. எரிபொருளோடு கலந்து இடைவிடாது எரிகிறது. வெப்பக் காற்றாகப் பின்புறம் பாய்கிறது. உள்ளே அசையும் பகுதி யாவும் ஒரே திசையில் சுழல்வன. ஆதலின் தேய்வும் அதிர்வும் குறைந்தன. 1958ஆம் ஆண்டு அக்டோபரில் பான் அமெரிக்கன் நிறுவனம் போயிங் 707 என்னும் ஜெட் விமானத்தை நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குச் செலுத்தியபோது, பிஸ்டன் விமானங்களின் காலம் முடிவடையத் தொடங்கிற்று.

இனி விமானத்தைப் பெரிதாக்குவதே முன்னேற்றம் என்று வணிகர் எண்ணினர். பான் அமெரிக்கன் நிறுவனத்தின் தலைவர் ஜுவான் டிரிப், போயிங் நிறுவனத்தின் தலைவர் வில்லியம் ஆலன் ஆகிய இருவரும் 1966ஆம் ஆண்டில் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் போயிங் 747 பிறந்தது. 707ஐப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றவல்ல இவ்விமானத்தைக் கட்டுவதற்காகச் சியாட்டில் நகருக்கு வடக்கே எவரெட் என்னும் ஊரில் காட்டை அழித்துப் புதிய தொழிற்சாலை எழுப்பினர். அதன் எஞ்சினும் புதுவகையானது. முகப்பில் பெரியதொரு விசிறி சுழலும். அது வாங்கும் காற்றில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே சென்று எரியும். எஞ்சிய ஐந்து பங்கும் எரியாமலே புறத்தே சுற்றிப் பின்னுக்குத் தள்ளப்படும். சிறிதளவு காற்றை மிக விரைவாகத் தள்ளுவதைவிட, பேரளவு காற்றை அளவான வேகத்தில் தள்ளுவதால் எரிபொருள் மிஞ்சுகிறது. இரைச்சலும் குறைகிறது.

புதுமையின் விலை பெரிது. 1970ஆம் ஆண்டு ஜனவரியில் 747இன் முதற்பயண நாளன்று எஞ்சின் ஒன்று அளவுக்கு மீறிச் சூடேறியதால், வேறொரு விமானத்தைக் கொணர்ந்து ஏறத்தாழ ஏழு மணி நேரம் தாழ்த்தே நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. அவ்வாண்டுகளில் நாட்டின் வணிகமும் தளர்ந்தது. போயிங்கின் பயணி விமானப் பிரிவில் 1968ஆம் ஆண்டில் 80,000 பேருக்கு மேல் வேலை செய்தனர். 1971ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20,000 பேரே எஞ்சினர். சியாட்டிலை விட்டுக் கடைசியாகச் செல்பவர் விளக்கை அணைத்துவிட்டுச் செல்க என்னும் பொருள்பட ஒருவகை வேடிக்கைப் பலகை அந்நகரில் வைக்கப்பட்டது. வேலையிழந்த குடும்பங்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிராது. அதே 1971ஆம் ஆண்டு பிப்ரவரியில், லாக்ஹீடு ட்ரைஸ்டார் என்னும் மூன்று எஞ்சின் விமானத்திற்கு எஞ்சின் செய்யப் புகுந்த இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் செலவு தாங்காமல் நொடித்தது. அரசாங்கமே அதனை ஏற்று நடத்த நேர்ந்தது.

இந்த ஆரவாரத்திற்கிடையே ஐரோப்பிய நாடுகள் சில ஒன்றுகூடி ஏர்பஸ் என்னும் பெயரால் அமைதியாக வேறொன்றைச் செய்தன. 1972ஆம் ஆண்டு அக்டோபரில் பிரான்சின் துலூஸ் நகரில் முதன்முதலாகப் பறந்த ஏ300 என்னும் அவ்விமானம் உடல் அகன்றது. ஆயினும் அதற்கு எஞ்சின்கள் இரண்டே. நம் நாட்டின் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் 1976ஆம் ஆண்டில் அதனை வாங்கிற்று. இந்தியாவிற்குள் பறப்பதற்கு அறுபது நிமிட விதி தடையாக இல்லை. கடலைக் கடப்பதற்கோ அது குறுக்கே நின்றது.

அமெரிக்காவிலும் இரண்டு எஞ்சின் கொண்ட போயிங் 767 என்னும் விமானம் 1982ஆம் ஆண்டில் பணிக்கு வந்தது. அட்லாண்டிக் மாகடலைக் கடக்க அதற்கு ஆற்றல் உண்டு. ஆயின் விதியை மீறாமல் செல்வதற்குக் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து ஆகியவற்றை ஒட்டி வளைந்து வளைந்து போக வேண்டும். விதியைத் தளர்த்துமாறு கேட்டபோது, அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் தலைவர் கடுஞ்சொல்லால் மறுத்தார் என்று கூறுவர். அவர் மறுத்ததில் பிழையில்லை. பொதுமக்களின் எண்ணமும் அதுவே: எஞ்சின் பலவாயின் காப்பும் பலவாகும் என்பது.

அவ்வெண்ணம் முற்றும் உண்மையன்று என்பதை அடுத்தடுத்து நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் காட்டின. 1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இரவு, சாவகத் தீவினருகே பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் 747 ஒன்று, கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல் மேகத்துள் அறியாமல் புகுந்தது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. 263 பேருடன் விமானம் ஓசையின்றி இறங்கிக்கொண்டே வந்தது. மேகத்தை விட்டு வெளிப்போந்த பின்னர் எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற, ஜகார்த்தாவில் நலமாக இறங்கிற்று.

மற்றொன்று இதனினும் கருதத்தக்கது. 1983ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், ஈஸ்டர்ன் நிறுவனத்தின் ட்ரைஸ்டார் விமானம் ஒன்று 172 பேருடன் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவின் நாசோ நகருக்குப் புறப்பட்டது. முந்தின இரவு மூன்று எஞ்சின்களிலும் எண்ணெயைச் சோதிக்கும் சிறு கருவிகளை மாற்றியிருந்தனர். அக்கருவியைச் சுற்றி இடவேண்டிய ரப்பர் வளையம் மூன்றிலும் விடுபட்டுப்போயிற்று. எண்ணெய் கசிந்தது, கடலின்மேல் ஓர் எஞ்சினை நிறுத்த வேண்டியதாயிற்று, பின் மற்ற இரண்டும் நின்றன. விமானம் கடலை நோக்கித் தாழ்ந்துகொண்டிருக்க, பயணிகள் மிதவைச் சட்டைகளை அணிந்து காத்திருந்தனர். முதலில் நிறுத்திய எஞ்சினை மீண்டும் இயக்க முடிந்ததால் விமானம் மயாமிக்குத் திரும்பி இறங்கிற்று. எஞ்சின்கள் மூன்றாக இருந்தும், அவற்றில் நேர்ந்த பிழை ஒன்றே. ஒரே கவனக்குறைவு மூன்று இடத்தில் பதிந்தபோது மூன்று என்னும் எண் பயன்படவில்லை.

எனவே எஞ்சின்களை எண்ணுவதை விட்டு, ஓர் எஞ்சினின் பழுது மற்றொன்றைத் தொடாதவாறு காப்பது எவ்வாறு என்று வல்லுநர் ஆராய்ந்தனர். 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் டிரான்ஸ் வேர்ல்டு நிறுவனத்தின் 767 பாஸ்டனிலிருந்து பாரிசுக்குத் தனி இசைவு பெற்றுப் பறந்தது. அவ்வாண்டிலேயே 60 நிமிட எல்லை 120 ஆகவும், 1988ஆம் ஆண்டில் 180 ஆகவும் விரிந்தது. இசைவு எளிதில் கிட்டவில்லை. 180 நிமிட உரிமை வேண்டுமாயின், அவ்வகை எஞ்சின் 50,000 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறைக்கு மேல் இடைவழியில் நின்றிருத்தல் கூடாது. ஓர் எஞ்சின் இரவும் பகலும் ஓயாது ஓடுவதாகக் கொண்டால், ஐந்தரை ஆண்டுகளுக்குமேல் ஒருமுறையும் நில்லாதிருத்தல் வேண்டும் என்பது இதன் பொருள். சரக்கறையில் தீப்பற்றினால் அதை அடக்கும் மருந்து தரையிறங்கும்வரை போதியதாக இருக்க வேண்டும். மின்சாரம் பிறப்பிக்க வேறு வழியும் அமைந்திருக்க வேண்டும். இவற்றோடு எளியதொரு கட்டுப்பாடும் உண்டு. பயணத்திற்குமுன் இரண்டு எஞ்சின்களிலும் ஒரே வேலையை ஒரே ஆள் செய்தல் ஆகாது. செய்ய நேரின் மற்றொருவர் அதனைத் தனியே சோதித்துப் பார்த்தல் வேண்டும். மயாமியில் விடுபட்ட ரப்பர் வளையங்கள் புகட்டிய பாடத்தைக் கண்டவர், இக்கட்டுப்பாட்டின் அருமையை உணர்வர்.

இவ்வளவும் இருந்தும் ஆபத்து அடியோடு ஒழிந்தது என்று கூறுதல் இயலாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் கனடாவிலிருந்து லிஸ்பனுக்குச் சென்ற ஏர்பஸ் ஏ330 ஒன்றில், பொருந்தாத குழாய் ஒன்றை ஓர் எஞ்சினில் பூட்டியிருந்ததால் எரிபொருள் கடலில் ஒழுகிற்று. கசிவை உணராத விமானிகள் நல்ல பக்கத்து எரிபொருளையும் அப்பக்கம் செலுத்தினர். இறுதியில் இரண்டு எஞ்சின்களும் அணைந்தன. 306 பேரைச் சுமந்த விமானம் 19 நிமிடங்கள் பருந்தைப்போல் மிதந்து வந்து, அசோர்ஸ் தீவின் தளத்தில் இறங்கிற்று. எவரும் இறக்கவில்லை. அவ்வழியில் இடர்வேளைக்கென ஒரு தளம் எட்டும் தொலைவில் இருந்ததே அவர்களைக் காத்தது.

1995ஆம் ஆண்டில் பணிக்கு வந்த போயிங் 777 இவ்வழக்கை ஏறக்குறைய முடித்துவைத்தது எனலாம். அதன் பின்வந்த வகை ஒன்றில் ஓர் எஞ்சினின் உந்துவிசை 1,15,000 பவுண்டு. முதல் 707இன் நான்கு எஞ்சின்களும் சேர்ந்து தந்த விசையைப்போல் இஃது இரண்டு மடங்குக்கு மேற்பட்டது. ஏர்பஸ் நிறுவனமோ, நெடும்பயணத்தை நான்கு எஞ்சின்களிடமே விட வேண்டும் என்று கருதி ஏ340 என்னும் விமானத்தைச் செய்தது. நெடுந்தொலைவுக்கு நான்கு எஞ்சின்களே ஏற்றவை என்னும் விளம்பரத்தை விமானத்தின் உடலிலேயே எழுதிய நிறுவனமும் ஒன்று இருந்தது. ஆயின் எரிபொருள் விலை ஏற ஏற, வாங்குவோர் கணக்கைப் பார்த்தனரேயன்றி விளம்பரத்தைப் பார்க்கவில்லை. ஏ340 ஏறத்தாழ 380 அளவில் நின்றுவிட்டது. 777 வகை 1,700ஐக் கடந்தது.

எஞ்சின் விற்கும் முறையும் மாறிற்று. 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் புதியதொரு ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. எஞ்சினைப் பேணும் பொறுப்பு முழுவதையும் செய்தவரே ஏற்பர். விமான நிறுவனம் பறந்த மணி நேரத்திற்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தும். பின்னர் ரோல்ஸ் ராய்ஸ் அந்நிறுவனத்தை வாங்கியபோது, இம்முறையும் அதனோடு வந்து வளர்ந்தது. எஞ்சின் ஓடாமல் நின்றால் செய்தவருக்கே இழப்பு. ஆதலின் பறக்கும்போதே அதன் வெப்பமும் அதிர்வும் வானொலி வழியாகத் தரைக்கு எட்டும்படி செய்து, நோய் முதிருமுன் நாடி பார்க்கின்றனர்.

இருபத்தொன்றாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில், இரு பெரு நிறுவனங்களும் எதிர்காலத்தை இரு வேறு வகையில் கணித்தன. இலண்டன் போன்ற நகரங்களின் விமானத் தளங்களில் இனி இடமில்லை. ஆகவே ஒரே முறையில் மிகப் பலரைப் பெருநகரங்களுக்கிடையே ஏற்றிச்செல்வதே வழி என்று ஏர்பஸ் எண்ணிற்று. இரண்டு தட்டும் நான்கு எஞ்சினும் கொண்டு 500க்கும் மேற்பட்டோரை ஏற்றும் ஏ380 அவ்வாறு உருவாயிற்று. இடையில் மாறி ஏறாமல் தம் ஊரிலிருந்து நேரே செல்வதையே மக்கள் விரும்புவர் என்று போயிங் எண்ணி, நடுத்தர அளவில் இரண்டு எஞ்சினோடு 787ஐச் செய்தது. அதன் எடையில் பாதி அளவு உலோகமன்று, கரிநார்க் கலவை.

இருவரும் இடர்ப்பட்டனர். ஏ380இல் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் மின்கம்பி உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் பிரான்சின் துலூசிலும் வரைபடங்களை வேறுவேறு கணிப்பொறி முறைகளில் வரைந்ததால், கொணர்ந்த கம்பிகள் உரிய இடத்தை எட்டவில்லை. இரண்டு ஆண்டளவு தாழ்ந்து, 2007ஆம் ஆண்டு அக்டோபரில்தான் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பறந்தது. 787உம் தாழ்ந்தே வந்தது. 2013ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் பாட்டரிகள் புகைந்து எரிந்ததால், உலகெங்கும் மூன்று திங்களுக்கு மேல் தரையில் நிறுத்தப்பட்டது. அக்குறையைச் சீர்செய்ய முடிந்தது. ஏ380இன் குறையோ எஞ்சினிலும் கம்பியிலும் இல்லை. நிரப்ப வேண்டிய இருக்கைகளில் இருந்தது. காலியான இருக்கைக்கும் எரிபொருள் செலவாகும். துபாயை நடுவாகக் கொண்ட எமிரேட்ஸ் நிறுவனம் 123 விமானங்களை வாங்கி நன்கு நடத்திற்று; ஏனையோர் தயங்கினர். 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில், இனிச் செய்வதில்லை என்று ஏர்பஸ் அறிவித்தது. 251ஆம் விமானமே கடைசி. 787 வகையிலோ 1,000க்கு மேற்பட்டவை விற்பனையாயின. 2018ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலண்டனுக்கு அஃது இடைநிறுத்தமின்றிச் செல்கிறது.

2021ஆம் ஆண்டு ஜனவரியில் ஏர் இந்தியாவின் 777 ஒன்று சான்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, வடதுருவப் பகுதியின்மேல் பறந்து பெங்களூரு வந்து இறங்கிற்று. விமானிகள் அனைவரும் பெண்கள். கீழே பனிக்கடல், இறக்கைக்கு ஓர் எஞ்சின். அதைப்பற்றி எவரும் வினவவில்லை.

1966ஆம் ஆண்டில் தொடங்கிய 747இன் பணி, 2023ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் எவரெட் தொழிற்சாலையில் 1,574ஆம் விமானத்தை அட்லாஸ் என்னும் நிறுவனத்திடம் ஒப்படைத்ததோடு முடிவுற்றது. அது சரக்கு ஏற்றும் விமானம். பயணிகளுக்கு அதில் இடமில்லை. மறுநாள் அங்கிருந்து புறப்பட்ட அவ்விமானம், தான் செல்லும் பாதையைக் கொண்டே வானில் 747 என்னும் எண்ணையும் அதன்மேல் ஒரு மணிமுடியையும் வரைந்துவிட்டுக் கிழக்கே சென்றது.